ஆறு மணிக்காகக் காத்திருந்த நாய்

போலீஸ் மோப்ப நாய் மேகாவுக்கு வெடிமருந்தின் வாசனை தெரியும். சம்பள விவகாரம் தெரியாது. ஸ்டேஷன் டூட்டி நோட்டுதான் ஒருநாள் அதைப் போட்டு உடைத்தது.

"உன்னைப் பழக்குற போலீஸ்காரர் சவரிமுத்து வீட்டுல உன்னைக் குளிப்பாட்டுறாரு, உண்ணி பொறுக்குறாரு, ராத்திரி முழிச்சு மருந்து கொடுக்கிறாரு. அதெல்லாம் வேலையில சேராதாம். காலை ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் எனக்குள்ள எழுதுறதுக்குத்தான் சம்பளம்."

மேகாவுக்கு மனசு கேட்கவில்லை. இனி வீட்டில் அந்த மனுஷருக்குத் தொந்தரவே கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஒரு ஞாயிறு, சவரிமுத்துவுக்கு லீவு. மத்தியானம் மேகாவுக்கு வயிறு உப்பி உயிர் போகிற வலி.

"என்னம்மா, ஒரு மாதிரியா இருக்க?" என்று அவர் தடவிக் கேட்டபோது வாலை ஆட்டிச் சமாளித்தாள். காலையில் டூட்டி நேரத்தில் படுத்தால் அவர் கவனிப்பது வேலையில் சேரும் என்று பல்லைக் கடித்துப் பொறுத்தாள்.

திங்கள் காலை ஆறு மணி. அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் காலடியிலேயே சரிந்தாள்.

"நேத்தே கொண்டுவந்திருந்தா பிழைச்சிருக்கும்" என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.

ரெண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் சவரிமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனார்.

"இதையாவது எழுதிக்கிறேன், யாராவது என்னைத் திறங்களேன்!" என்று மூடிக் கிடந்த நோட்டு கதறியது.