மலைக்கு அந்தப் பக்கத்துத் தேள்

தேள்களிடமிருந்து விஷம் எடுக்கும் அறையில் மத்தியான வெயில் ஜன்னல் வழியே தரையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் தரையில்தான் கொட்டு வாங்கியவர் கிடந்து உதைக்கிறார்; உதைத்த உதையில் மேஜை சாய்ந்து, கண்ணாடித் தொட்டிகள் நொறுங்கி, செந்தேள்கள் வாலைத் தூக்கிக்கொண்டு நாலாபக்கமும் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் இடுக்கியை ஓரமாய் வீசிவிட்டு, வெறுங்கையால் ஒன்றைப் பிடித்து, "எத்தனையோ கொட்டு வாங்கின உடம்பு மாப்ளே, இதெல்லாம் எறும்புக்கடி" என்று சிரித்தார். அதுவும் தொட்டிகளில் இருந்த மற்றவையும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேற்று வந்தவை. பார்வைக்கு இந்தப் பக்கத்துத் தேளேதான். கொடுக்கில் இருப்பதுதான் வேறு. இப்போது அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது, வாயில் ரோஸ் நிறத்தில் நுரை தள்ளுகிறது. கூடவே வேலை பார்க்கும் மைத்துனன் அவர் கையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு இன்னொரு விஷமுறிவு ஊசி ஏற்றுகிறான். "ஏன் டாக்டரம்மா கேக்க மாட்டேங்குது? நாம செஞ்ச மருந்துதானே!" டாக்டரம்மா காலிக் குப்பியையே பார்க்கிறார். "இது நம்ம பக்கத்துத் தேளுக்குச் செஞ்சதுப்பா." கொட்டு வாங்கியவரின் முதுகு வில்லாய் வளைந்து, பின்மண்டை தரையில் மடேரென்று மோதுகிறது. பிறகு கால்கள் உதைப்பதை நிறுத்திவிடுகின்றன. "மச்சான்!" மைத்துனன் எழுந்து பூட்ஸ் காலால் ஒரு தேளை நசுக்குகிறான், அடுத்ததை நசுக்குகிறான், சுவரோரம் ஓடுவதைத் துரத்திப் போய் மிதிக்கிறான். "மிதிக்காதடா! அந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்கு மருந்து செய்ய இதுங்க விஷம்தாண்டா வேணும்!" டாக்டரம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். சட்டை கிழிகிறது. பூட்ஸ் நிற்கவில்லை.