ஆறு மணிக் கடல் வானிலை

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் குளோரியா, விடுமுறைக்கு அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவுக்குப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் படகுக்காரர் மரியதாஸின் ரேடியோவில் ஒரு பெரியவர் காற்றின் வேகம், அலையின் உயரமெல்லாம் வாசித்தார். நடுவில், "ருக்மிணி, பால் பொங்கறது பாரு" என்றார்.

"வெங்கடசுப்ரமணியன் சார். இங்க ரேடியோ நிலையத்துல வானிலை வாசிச்சவரு. ரிட்டையராகி உங்க பெங்களூருக்கே போயிட்டாரு. ஆனா தினமும் பேசுறாரு. அவர் சொன்னாத்தான் கடலுக்குப் போவோம். ஒரு நாளும் தப்பினதில்ல" என்றார் மரியதாஸ்.

ஊர் திரும்பியதும் விசாரித்து, சந்தாபுராவில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மைக் இல்லை. தீவில் ரேடியோவில் கேட்டதையெல்லாம் சொன்னாள்.

"பால் பொங்கினது செவ்வாய்க்கிழமை" என்றார் அவர் மனைவி ருக்மிணி மெதுவாக.

"ரிட்டையரானதுலேர்ந்து பன்னெண்டு வருஷமா, பழக்கத்துல இந்த மேஜை முன்னாடி சும்மா வாசிக்கறேம்மா. பேப்பர்கூடப் பார்க்கறதில்ல, வாயில வந்ததைச் சொல்லுவேன். அதை நம்பியா கடலுக்குப் போறா?" பெரியவருக்குக் கண் கலங்கியது. அப்புறம் வெகுநேரம் சிரித்தார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மேஜை முன் உட்கார்ந்தார். தெருச் சத்தம் உள்ளே வராதபடி ருக்மிணி ஜன்னலைச் சாத்தினார்.