சமையல்கட்டு வாசல்

"போட்டோவை நல்லாப் பாத்துக்கங்க. இவன் மட்டும் உள்ள வரக்கூடாது."

காலை ஒன்பது மணி. மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செக்யூரிட்டி கம்பெனி அனுப்பிய நான்கு பேரும் என் முன்னால் நின்றார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண்.

அந்தம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சீருடைச் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

ஆண்கள் மூவரும் போட்டோவைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தம்மா ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இன்று என் தங்கைக்குக் கல்யாணம்.

போட்டோவில் இருப்பவன் அவளோடு வேலை பார்த்தவன். பிடிக்கவில்லை என்று அவள் சொன்ன நாளிலிருந்து இரண்டு வருடமாகத் துரத்துகிறான். அவள் நம்பரை மாற்றினாள், வேலையையும் மாற்றினாள். போன மாதம் என் நம்பருக்கு ஒரு செய்தி வந்தது.

'உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வராமலா? மேக்கப் நல்லாப் போடச் சொல்லு. கடைசியா ஒரு தடவை அந்த முகத்தைப் பாக்கணும்.'

அதை அவளிடம் நான் காட்டவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தேன். ஆள் வீட்டிலேயே இல்லை, தேடுகிறோம் என்றார்கள்.

லிப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இருபதாவது மாடியில் தொங்கிக்கொண்டு கம்பி மாட்டும்போதுகூட நான் பயந்ததில்லை. இந்த ஒரு மாதமாக யாராவது காலிங் பெல்லை அடித்தால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

பத்திரிகையில் வேறொரு மண்டபத்தைப் போட்டேன். நேற்றுச் சாயங்காலம்தான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து இந்த மண்டபத்தைச் சொன்னேன். வருகிறவர்களுக்குக் கையில் கட்டிவிட மஞ்சள் ரிப்பன். பரிசுப் பொட்டலங்கள் வெளியே மேசையோடு சரி.

"மாப்பிள்ளையையாச்சும் உள்ள விடுவியாடா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். தங்கைதான் அதிகமாகச் சிரித்தாள்.

"தம்பி," என்று கூப்பிட்டார் அந்தம்மா. "எனக்குச் சமையல்கட்டு வாசலைக் குடுங்க. இவன் முன்வாசல்ல வர்ற ஆளில்ல."

அனுபவசாலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்ட வாசலைக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறினார்கள். வந்தவர்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் சட்டென்று பைக்குள் கையை விட்டார். நான் மேடைப் பக்கம் பாய்ந்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பின்பக்கம் விசில் சத்தம் கேட்டது. ஒருமுறை அல்ல, விடாமல்.

ஓடினேன்.

சமையல் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் அப்படியே நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி, ஒரே முகக்கவசம். தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கி வந்த ஒருவனின் மணிக்கட்டை அந்தம்மா பிடித்திருந்தார். அவன் அவரைவிட இரண்டு சாண் உயரம்.

"விடும்மா," என்றான் அவன். குரல் கெஞ்சியது. "விட்டுரும்மா."

அவர் விடவில்லை.

பெட்டி சரிந்து பாட்டில்கள் உருண்டன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் லேபிள் இல்லை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் குனிவதற்குள் அந்தம்மா இன்னொரு கையால் அதை எடுத்து, சுவரோரம் இருந்த மணல் வாளிக்குள் நிமிர்த்திச் சொருகினார்.

மூடியோரம் கசிந்த இரண்டு சொட்டு அவர் சட்டைக் கையில் விழுந்தது. துணி பொசுங்கி ஓட்டையானது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிடித்த பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

நான் முகக்கவசத்தைப் பிடுங்கினேன்.

அவன்தான்.

நூறு பேருக்குச் சொன்ன ரகசியம் நூற்றொன்றாவது காதுக்குப் போகாமலா இருக்கும். ஆள் போதவில்லை என்று சமையல் மேஸ்திரி கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்ட ஆளாம்.

மற்ற மூவரும் வந்து அவனை அமுக்கினார்கள். யாரோ அந்தம்மாவின் கையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"இத்தனை பேர்ல இவன்தான்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"நடையைப் பாத்துத்தான்."

போட்டோவில் நடை தெரியாதே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மண்டபத்து ஆபீஸ் அறையில் போலீஸ்காரர் எழுத உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "பொண்ணு இன்னும் கொஞ்சம் சிரிக்கணும்" என்று போட்டோக்காரர் சொல்வது கேட்டது. என் தங்கைக்கு எதுவும் தெரியாது.

முதலில் சாட்சியை விசாரித்தார். அந்தம்மா தன் பெயரைச் சொன்னார். சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு போலீஸ்காரர் அவன் பக்கம் திரும்பினார். அவன் பெயரைச் சொன்னான், வயதைச் சொன்னான். அப்பா உயிரோடு இல்லை என்றான்.

"அம்மா பேரு?"

அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"உன்னைத்தான்டா கேக்குறேன். அம்மா பேரு என்ன?"

அந்தம்மாதான் பேசினார்.

"மேல எழுதியிருக்கீங்களே சார், அதே பேருதான்."