தவளையும் மின்மினியும்

"டீச்சர், தவளை வருதாம்!"

ஓவிய ஆசிரியர் கையில் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தார். மேசை மேல் ஏறி நின்று காகித விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்த ஜப்பானிய மொழி ஆசிரியையின் கையிலிருந்து நூல் நழுவியது.

"எந்தத் தவளை சார்?"

"நம்ம மின்மினியோட கடித நண்பன்தான்! நாளைக்கு நம்ம பள்ளி விழாவுக்கு ஜப்பான்லேர்ந்து வர்ற குழுவோட வருதாம். தகவல் வந்திருக்கு. பெரிய டீச்சருக்குத் தலைகால் புரியல. விழாவுல முதல் நிகழ்ச்சியே அதுதானாம். மேடையில ரெண்டு பேரும் முதல் தடவையா சந்திக்கப் போறாங்க. இப்பவாவது சொல்லுங்க, மின்மினி எந்த வகுப்புப் பொண்ணு?"

அவள் அப்படியே மேசை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் புனைபெயரில்தான் எழுத வேண்டும் என்பது, ஜப்பானியப் பள்ளி ஒன்றோடு அவர்கள் நடத்திய கடிதத் திட்டத்தின் விதி. யார் எந்தப் பெயரில் எழுதுகிறார்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒன்றிரண்டு கடிதத்தோடு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது மின்மினியும் தவளையும் மட்டுமே. தவளையின் கடிதங்களை அவள் மொழிபெயர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவாள். அவற்றைப் படித்துவிட்டு ஜப்பானிய வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளே நாற்பது பேர்.

"அந்தப் பொண்ணு இங்க இல்ல சார். அவங்க அப்பாவுக்கு மாற்றலாகி, ஊரை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"என்ன டீச்சர் சொல்றீங்க? போன மாசம்கூட ஒரு கடிதம் ஒட்டினீங்களே?"

"அது எனக்கு வந்த பதில்."

"அப்ப இத்தனை நாளா மின்மினி பேர்ல எழுதினது நீங்களா?"

"அவ போன மறுவாரம் தவளைகிட்டேர்ந்து கடிதம் வந்தது. 'நீ எழுதினதை மூணு தடவை படிச்சேன். அடுத்தது எப்ப எழுதுவே?'ன்னு கேட்டிருந்தான். அவ போயிட்டாப்பான்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரல. சரி, ஒரே ஒரு பதில், அதோட முடிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

அந்த ஒரே ஒரு பதில் இருபத்து மூன்று ஆகியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் போல எழுத்தைக் கோணலாக்கினாள். பக்கத்துக்கு இரண்டு பிழை வேண்டுமென்றே விட்டாள். மின்மினிக்குக் கணக்கு வராது. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். தவளைக்கு நீச்சல் பயம். கூரையில் விழும் பனியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவான்.

போன வருடம் தன் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வீடே பிடிக்கவில்லை" என்று எழுதிவிட்டாள். அது மின்மினி எழுதியதல்ல. தவளை எந்த ஆறுதலும் சொல்லவில்லை. நோயாளிக்குக் கஞ்சி வைப்பது எப்படி என்று ஏழு படங்கள் வரைந்து அனுப்பியிருந்தான். அதைப் பார்த்து அப்படியே வைத்தாள். மூன்று நாளாகச் சாப்பிடாத அம்மா அரைக் கிண்ணம் குடித்தாள்.

"இதுல கலங்க என்ன இருக்கு டீச்சர்?" என்றார் ஓவிய ஆசிரியர். "எட்டாம் வகுப்புல ஒரு வாயாடிப் பொண்ணைப் பிடிச்சு, இவதான் மின்மினின்னு நிறுத்திடுவோம். அரை மணி நேர விஷயம்."

"வேண்டாம் சார். பொய் சொன்னது நான். அதுக்கு ஒரு பிள்ளையை இழுக்கக் கூடாது."

"விஷயம் வெளிய வந்தா திட்டத்தையே நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும். அந்தப் பையன் முகத்தை எப்படிப் பார்க்கறதுன்னுதான் எனக்குக் கவலை."

மறுநாள் காலை பேருந்து வாசலில் வந்து நின்றது. முதலில் மேளக் குழு இறங்கியது. பிறகு எட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நீலத் தொப்பி போட்ட பையனா? ஒதுங்கி நின்று நகம் கடிப்பவனா?

கடைசியாக, பட்டம் செய்யக் கற்றுக்கொடுக்க வந்திருந்த பெரியவர் இறங்கினார். அறுபது வயதிருக்கும். அவள் மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்துவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"மின்மினியைப் பார்க்கணும். எங்க இருக்கா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்.

பையனோடு துணைக்கு வந்தவர் போலிருக்கிறது. முதலில் இவரிடமே சொல்லிவிடுவது நல்லது. அவள் இடுப்பு வரை குனிந்தாள்.

"மன்னிக்கணும் ஐயா. மின்மினி இங்க இல்ல. அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் வந்த கடிதம் எல்லாம் நான் எழுதினது. தவளை எந்தப் பிள்ளைன்னு காட்டுங்க. அவன்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

நிமிரப் பயந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் தலையைத் தூக்கினாள்.

பெரியவர் அவளைவிடத் தாழக் குனிந்திருந்தார்.

"நான் அவன் படிச்ச பள்ளிக்கூடத்துல எழுத்தரா இருக்கேம்மா," என்றார் அப்படியே. "அந்தப் பையன் வேற ஊருக்குப் போன பிறகுதான் மின்மினியோட கடிதம் வந்தது... ஒரு குழந்தையைக் காக்க வைக்க எனக்கும் மனசு வரல."