வெட்டு விழுந்த லீவர்

"லீவர் அச்சடிக்கச் சொன்னா பிஸ்கட் அச்சடிச்சு வச்சிருக்கே!"

பொட்டலப் பிரிவு சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில், மேஜையில் இருந்த, இந்த வாரத்தில் உடைந்த லீவர்களின் துண்டுகள்கூட ஒருமுறை நடுங்கின. தொழிலாளர்கள் அவருக்குப் 'பட்டாசு' என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

பக்கத்தில் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு.

பொட்டல மிஷினுக்கு லீவர் அச்சடித்துத் தருகிறவள் அச்சறைக்காரி. காலையிலிருந்து நின்ற கால் கெஞ்சியது. உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

முப்பரிமாண அச்சில், பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காகக் கட்டி எழுப்புகிற சாமான். சும்மா விட்டால் ஆறு மாசம் உழைக்கும். துணி கிழிக்கிறவர்கள் ஓரத்தில் பல்லால் ஒரு கடி கடிப்பார்களே, அந்த மாதிரி சின்னதாக ஒரு வெட்டு விழுந்தால் போதும். அடுக்குக்கு நடுவே பிளவு சரசரவென்று ஓடிவிடும்.

வெட்டு இருந்தது. பிளேடு வெட்டு.

"யாரோ வேணும்னே வெட்டியிருக்காங்க சார்" என்று வாயை விட்டுவிட்டாள்.

"அரை மணியில எனக்குப் பேர் வேணும்" என்று மேனேஜர் போய்விட்டார்.

"கேட்டியா? ரிப்போர்ட்டை எழுது!" என்றார் பட்டாசு.

பேர் அவளுக்குத் தெரியும். மிஷின் ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது என்பது இங்கே சட்டம். லீவர் உடைந்தால் மாற்ற இருபது நிமிஷம். சத்தம் நின்றதும் முதல் ஆளாகப் பெட்டிமேல் சாய்கிறவள், லேபிள் ஒட்டுகிற ஏழு மாசக்காரி. பாவம், வீக்கத்தில் செருப்புகூடக் காலில் ஏறவில்லை.

பேனாவை எடுத்தாள்.

"சார்... தேய்மானம்னு எழுதிடட்டுமா?"

"வெட்டுன்னு உன் வாயாலதானே சொன்னே?"

"புத்தி கெட்டுச் சொல்லிட்டேன். அவ சம்பளத்துலதான் சார் அந்த வீட்ல அடுப்பு எரியுது. பிள்ளைத்தாச்சி சார்."

"அவ வெட்டினதை நீ பாத்தியா?"

"பாக்கணுமா சார்? வேற யாருக்கு வேணும் அந்த இருபது நிமிஷம்?"

பட்டாசு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். இவ்வளவு மெல்லிய குரல் அவரிடம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"தேய்மானம்னே எழுதும்மா. அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒரு மில்லிமீட்டர் வெட்டினா எட்டரைக்கே உடைஞ்சு தொலைக்குது. கால் மில்லின்னா சாயங்காலம்வரைக்கும் இழுக்குது. அவளுக்குக் கால் வீங்கற பதினோரு மணிக்குச் சரியா உடையணும்னா அரை மில்லி வெட்டணும். இதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு!"