ஒட்டுக்காது

“குத்துறதுக்கு எடமே இல்லியேம்மா” என்றார் காது குத்த வந்த பத்தர்.

தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள் குழந்தை கனிஷ்கா. அவள் காதின் அடிப்பக்கம் கொஞ்சம்கூடத் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

“ஒட்டுக்காது. வம்சத்துல யாருக்காச்சும் இருக்கும். யாரு ஜாடை?”

மனுஷன் சும்மாதான் கேட்டார். வடக்குப்பட்டு கோயில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பக்கத்து ஆள் காதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சித்தப்பா செல்போனை நீட்டித் தன் காதையே படம் எடுத்துப் பார்த்தார்.

குழந்தையின் அப்பா செந்தமிழனுக்குத் தொங்குகிற காது. அம்மா கவியாவுக்கும் அப்படியே. தாய்மாமனுக்கும்தான்.

“நம்ம பக்கம் யாருக்கும் இப்டி கெடையாதே” என்று இழுத்தாள் மரகதம், செந்தமிழனின் பெரியப்பா சம்சாரம். “ஹாஸ்டல்ல தங்கிகினு நைட் ஷிப்டு போன பொண்ணு. நாம இன்னாத்த கண்டோம்.”

கவியா தென்காசிக்காரி. ஒரகடம் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்து, செந்தமிழனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவள் முகம் செத்துப்போனது. செந்தமிழன் வேறு குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் மீனம்மாள் எழுந்தாள். போச்சு, இன்றைக்கு மானம் போச்சு என்று நினைத்தாள் கவியா. ரசத்தில் உப்பு கூடினாலே, “நான் வயித்துல இருக்கச்சொல்லவே எங்க நைனா பூட்டாரு. மொகம்கூடப் பாக்காம கஷ்டத்துல வளந்தவ. உன்ன மாரி சொகுசா வரல” என்று ஆரம்பிக்கிற பொம்பளை.

மீனம்மாள் குழந்தையின் காதை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

“எங்க நைனா காது. அப்டியே உரிச்சி வெச்சிகீது” என்றாள். “பத்தரே, கொஞ்சம் மேல தள்ளிக் குத்து. எடமா இல்ல?”

மரகதம் இலை போட்டாச்சா என்று பார்க்கப் போனாள். செந்தமிழன் சிரித்தபடி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். குழந்தை வீறிட்டது, வாயில் சர்க்கரை போட்டார்கள், எல்லாரும் பந்திக்கு நகர்ந்தார்கள்.

கை கழுவுகிற இடத்தில் கவியா மெல்லக் கேட்டாள்.

“அத்தே, ஒங்கப்பாவ நீங்க பாத்ததே இல்லன்னு சொல்லுவீங்களே?”

மீனம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“நான் பாக்கலதான். இவளுங்க மட்டும் பாத்தாளுங்களா?”