பக்கத்துப் பாய்

“ஒத்தக் கால்ல நிக்கத் தெரியாத யோகா டீச்சர் நமக்கெதுக்கு சார்?”

மேனேஜரம்மா கேட்டதும் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தலையைச் சொறிந்தார். அந்த அம்மா வங்கியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“நிஜமாவே விழறாங்களா?”

“மாசம் ஒரு தடவையாவது. தொப்புனு விழுந்துட்டு ஈன்னு பல்லைக் காட்டுறாங்க. ‘மூச்சைப் பாருங்க, பக்கத்துப் பாயைப் பார்க்காதீங்க’ன்னு நமக்கு உபதேசம். தான் மட்டும் ஓரக்கண்ணால ஊரையே பார்த்தா எப்படி நிக்க முடியும்? நாளைக்கு வந்து பாருங்க. விழுந்தா வேற ஆளைப் பார்த்துடலாம்.”

வகுப்பில் சேர்ந்து இரண்டு வருடத்தில் மேனேஜரம்மா விழுந்ததே இல்லை. முதல் நாள் ஒன்றைத் தவிர. அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு வழக்கு.

“நாளைக்கு நீங்களும் வர்றீங்க. டாக்டர் சொல்லி எவ்வளவு நாளாச்சு!”

கணக்கு வாத்தியாராக இருந்த கணவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“எத்தனை பசங்களை ஒத்தக் கால்ல நிக்க வெச்சிருப்பேன். இப்ப என் முறையா?”

“விளையாடாதீங்க.”

“சரி மேனேஜர், ஒரே ஒரு நாள் வர்றேன். நாலு பேர் எதிர்ல விழுந்தேன்னா அத்தோட சரி. அப்புறம் இந்த நாற்காலியிலிருந்து என்னை யாரும் எழுப்பக் கூடாது.”

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் வாசலில் பால் பாக்கெட் எடுக்கக்கூட அவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போவது மேனேஜரம்மாவுக்குத் தெரியும். விழுவதைவிட, விழுவதைப் பார்க்கும் கண்கள்தான் அந்த வயதில் அதிகம் வலிக்கும்.

மறுநாள் காலை கணவருக்கும் சேர்த்து இடம் பிடிக்க மேனேஜரம்மா முன்னாலேயே கிளம்பினார். சங்கக் கூடத்தின் கண்ணாடிக் கதவருகே வந்ததும் நின்றுவிட்டார்.

உள்ளே டீச்சர் தனியாக ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. அவளுக்குப் பின்னால் காவலாளி இரும்பு நாற்காலிகளைக் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தார். காற்றில்லாத மரம்போல் அவளிடம் ஓர் அசைவில்லை.

‘ஓகோ, செயலாளர் வர்றது தெரிஞ்சு ஒத்திகை நடக்குது!’

வகுப்பு தொடங்கும்முன் செயலாளர் நேராகவே சொல்லிவிட்டார். “இன்னிக்குப் பார்த்துட்டுதான் டீச்சர், உங்களை வெச்சுக்கிறதா வேண்டாமான்னு முடிவு.”

டீச்சர் தலையசைத்தாள். செயலாளர் கதவோரம், கடைசி வரிசைக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

“விருட்சாசனம். வலது காலை மடக்குங்க. மூச்சைப் பாருங்க. பக்கத்துப் பாயைப் பார்க்காதீங்க.”

கடைசி வரிசையில், மேனேஜரம்மாவுக்குப் பக்கத்தில், வாத்தியாரின் கால் நடுங்கத் தொடங்கியது. காது மடல் சிவந்தது. கை, இல்லாத சுவரைத் தேடியது.

டீச்சரின் ஓரக்கண் வாத்தியாரிடம் போனது. பிறகு கதவோரம் நின்ற செயலாளரிடம். ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

தொப்!

“அய்யோ, இன்னிக்கும் போச்சு!” தரையில் உட்கார்ந்தபடி டீச்சர் சிரித்தாள்.

கூடமே அவள் பக்கம் திரும்பிச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் வாத்தியார் தடுமாறி உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

“டீச்சரே இப்படின்னா நான் எவ்வளவோ தேவலையே! நாளைக்கு எத்தனை மணிக்கு?”

மேனேஜரம்மா சிரிக்கவில்லை.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து தான் இங்கே வந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. கால் உதறி, கண் கலங்கி, இதோ விழப்போகிறோம் என்ற நொடியில், முன்னாலிருந்து இதே ‘தொப்’. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இவர் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

மாதம் ஒரு தடவை விழுகிறாள். மாதம் ஒருவராவது புதிதாகச் சேர்கிறார்.

செயலாளர் பின்னாலிருந்து குனிந்து கிசுகிசுத்தார். “நீங்க சொன்னது சரிதாம்மா. வேற ஆளைப் பார்த்துடலாம்.”

“இப்ப இடது கால்,” என்றாள் டீச்சர், எழுந்து நின்று.

வாத்தியாரின் கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக மேனேஜரம்மா பக்கத்துப் பாயைப் பார்த்தார்.

தொப்!

“அய்யய்யோ! நீங்களுமா!” செயலாளர் பதறி முன்னால் வந்தார்.

மேனேஜரம்மா தரையில் கிடந்தபடியே சொன்னார்:

“வேற ஆள் வேண்டாம் சார். ரெண்டு வருஷமா நிக்க மட்டும்தான் கத்துக்கிட்டேன். விழறதை இவங்ககிட்ட இன்னிக்குத்தான் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன்.”